தட்டு இறங்கிய மேடு

நம் வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் அந்த வட்ட விளையாட்டை நினைத்துப் பாருங்கள். மத்தியான மணி அடிக்குமுன் வேப்பமரத்தடியில் கைகோத்துச் சுற்றுவோமே, அது. அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் அவள் கையைப் பிடிக்கமாட்டார்கள். ஒரு கைக்குட்டையின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள வேண்டும், மறுமுனையை நாம் பிடிப்போம். அந்தக் கைக்குட்டையும் அவளுடையதுதான். நம்முடையதை யார் கொடுப்போம்?

அவளுக்கு நாம் வைத்த பெயர் கரிக்கை. கன்னியர் மடத்தில் தர்மத்துக்குத் தங்கிப் படித்த பெண். சனிக்கிழமை சந்தை வண்டியில் ஊருக்குப் போய் ஞாயிறு மாலை திரும்புவாள். திங்கட்கிழமை பார்த்தால் விரல்களும் உள்ளங்கையும் கறுத்திருக்கும். நகக்கண்ணில் பிசின் ஏறியிருக்கும். சில திங்கட்கிழமைகளில் தோல் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரியும். தொற்று வியாதி என்று முதலில் சொன்னது நான்தானா, வேறு யாராவதா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை. நானாகத்தான் இருக்கும். நம் மசேர், அதாவது பாடம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி, அது வியாதி இல்லை, வேலை செய்த கை என்று ஒருமுறை சொன்னார். அதற்கு அடுத்த வாரமும் கைக்குட்டை இருந்தது.

எனக்கு இப்போது இருபத்தொரு வயது. இந்த வயதில் சிறுவயது நினைவுகளை எழுத உட்காருவது கொஞ்சம் அதிகம்தான். என் பெண்ணுக்கு எட்டு மாதம். அவள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு எட்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் புரட்டாசியிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

அப்பா பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் எழுத்தர். வேலை முடிந்து வந்தாலும் இருட்டும்வரை காலுறையைக் கழற்றமாட்டார். சாப்பாட்டு மேசையில் கையால் சாப்பிடுவார், ஆனால் முள்கரண்டி பக்கத்தில் இருக்க வேண்டும். அவருடைய மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை. பாரிஸிலிருந்து கப்பலில் வரும் படப் பத்திரிகைகளைத் துரை படித்து முடித்ததும் அப்பாவிடம் கொடுப்பார். மை வாசனையும் கப்பலின் ஈர வாசனையும் கலந்த வழவழப்பான தாள். அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புரட்டுவார். எங்களைத் தொடவிடமாட்டார்.

அந்த வருடம் பத்திரிகை முழுக்கப் பறக்கும் தட்டு. அப்பா அதைச் சூகூப் என்பார். காப்பிக் கோப்பைக்குக் கீழே வைக்கும் தட்டுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். பிரான்ஸில் வயல்காட்டில் இறங்கியதாம், ரயில் பாதையில் இறங்கியதாம். எல்லாவற்றையும்விட அப்பாவுக்குப் பிடித்தது அமெரிக்காவில் பாலைவனத்துக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன ஊர். அங்கே வானத்திலிருந்து வட்டமாக ஏதோ விழுந்து, அதைப் பார்க்க உலகமே வருகிறதாம். பெயர் தெரியாத ஊர், தட்டு விழுந்ததால் பெயர் பெற்றது. இதை அப்பா வந்தவர் போனவருக்கெல்லாம் வாசித்துத் தமிழில் சொல்லுவார். சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ல எவன் வந்து எறங்கப்போறான்" என்று பெருமூச்சு விடுவார். ஊரே அப்போது பிரெஞ்சுக் கொடி இறங்குமா இறங்காதா என்ற பேச்சில் இருந்தது. துரை கப்பலேறிவிட்டால் அப்பா யாரிடம் பத்திரிகை வாங்குவார், யாரிடம் பிரெஞ்சு பேசுவார் என்று எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

ஒரு சாயங்காலம் கடற்கரையில் உலாவியவர்கள் வடமேற்கில் ஒரு வெளிச்சம் இறங்கியதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன் என்று அப்போது சொன்னேன். உண்மையில் எல்லோரும் கைகாட்டிய பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து, ஊருக்கு வடமேற்கே செம்மண் மேட்டில் தரை வட்டமாகக் கருகியிருக்கிறது என்று பால்காரர் வந்து சொன்னார். அப்பா அன்றைக்கே மாட்டுவண்டி பேசினார். என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அந்த மேட்டை இப்போது பார்த்தவர்களுக்கு அப்போது இருந்த நிலை தெரியாது. ஒரு மரம் கிடையாது. மழை அறுத்த ஓடைகள், இரும்புத்துரு நிறத்தில் மண், காற்றடித்தால் பல்லிடுக்கில் நறநறவென்று தூசி. தூரத்தில் மட்டும் முந்திரித்தோப்பின் பச்சை ஒரு கோடாகத் தெரியும். அப்பா வண்டியிலிருந்து இறங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "சகாரா. அசல் சகாரா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வட்டம் இரண்டு ஆள் படுத்தால் எட்டும் அகலம். நடுவில் தார் போலக் கறுப்பு, ஓரத்தில் பழுப்பு. முந்தின நாள் பெய்த தூறல் அதில் ஊறாமல் முத்து முத்தாக நின்றது. ஒவ்வொரு முத்திலும் வானவில் நிறம். ஒரு புல் இல்லை, ஓர் எறும்பு இல்லை. தொண்டையைக் கமறும் ஒரு வாசனை. அப்பா தையற்காரரிடம் இரவல் வாங்கிய நாடாவால் அளந்தார். பிறகு கறுத்த மண்ணை விரலால் அள்ளி, துரை வீட்டிலிருந்து கொண்டுவந்த காலித் தண்ணீர் பாட்டிலில் போட்டுத் தக்கையால் மூடினார்.

மறுநாள் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் கொப்புளித்துவிட்டன. அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கட்டோடு மாலையில் கடற்கரைக்குப் போனார். "ரேடியம் மாதிரி ஒரு சக்தி. மண்ணுக்குள்ளயே தங்கிடுச்சி" என்று எல்லோருக்கும் கட்டை அவிழ்த்துக் காட்டினார். இரண்டு வாரத்தில் ஊர் அந்த மேட்டுக்குத் திரும்பிவிட்டது. சைக்கிள், வண்டி, துரைமார் கார், குடை பிடித்த துரைசானிகள். முந்திரித்தோப்புக்காரர் ஓரமாக நாலு கொட்டகை போட்டு இளநீர்க்காரருக்கும் கரும்புச்சாறுக்காரருக்கும் வாடகைக்கு விட்டார். அப்பாவுக்கு அவர் புதிதாக நண்பரானார்.

பள்ளிக்கூடத்திலிருந்து நம்மையும் அழைத்துப் போனார்கள், நினைவிருக்கிறதா? வெள்ளைத் தொப்பி, வரிசை, இரண்டு மாட்டுவண்டி. மசேர் வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அது பயத்திலா பக்தியிலா என்று நாம் சண்டை போட்டோம். அவள் மட்டும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. வயிற்றுவலி என்றாள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவள் வீடு என்று நமக்குத் தெரியாது.

நான் என் அப்பாவின் வட்டம் என்ற மிதப்பில் குனிந்து கறுப்பைத் தொடப்போனேன். யாரோ பின்னாலிருந்து என் தொப்பியைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் அவள். வண்டியிலிருந்து ஓடிவந்திருக்கிறாள்.

"தொடாத. வெந்துரும்."

"எங்கப்பா கண்டுபிடிச்சது. எனக்குத் தெரியாதா?"

"உங்கப்பா கை மட்டும் வேவலியா?"

சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டாள். ஆனால் அவள் காலைப் பார்த்தேன். வட்டத்தின் ஓரத்தில் கிடந்த ஏதோ ஒன்றைக் கால்விரலால் மண்ணுக்குள் அழுத்திவிட்டுப் போயிருந்தாள். அவள் போனபின் குச்சியால் கிளறி எடுத்தேன். சுருங்கிய, கருகிய, அவரைவிதை வடிவில் ஓர் ஓடு.

அந்த ஓட்டை வைத்துக்கொண்டு நான் அவளை நான்கு நாள் படுத்தினேன். இதை நீங்கள் பார்க்கவில்லை. நான் அவளோடு பேசுவதை நீங்கள் பார்க்கக்கூடாது என்று மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னால்தான் நிற்க வைப்பேன். மசேரிடம் கொடுப்பேன், அப்பாவிடம் கொடுப்பேன், என்ன என்று சொல் என்பேன். நான்காம் நாள் சொன்னாள்.

அவள் அம்மா தோப்பில் முந்திரி பொறுக்கும் கூலி. சீசனில் காவல்காரர் இருப்பார், மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு விடுவார். ஆனால் ஓடைக்குள் உருண்ட கொட்டைகளை யாரும் எண்ணுவதில்லை. அவற்றைப் பானையில் போட்டுப் புதைத்துவைத்து, சீசன் முடிந்து காவல் போனபிறகு, மரமில்லாத மேட்டில் சுட்டிருக்கிறாள். அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சித்திரையில் அந்த வட்டம் இருந்திருந்தால் வண்டிக்காரரே சொல்லியிருப்பார். புரட்டாசியில் முந்திரி யாருக்கும் ஞாபகம் வராது.

"சுடுறப்ப ஓட்டுலேர்ந்து எண்ண பீச்சி அடிக்கும். அப்பிடியே தீப்புடிச்சிக்கும். பாக்கணுமே, ஆளு ஒசரத்துக்கு. வெந்தத மண்ணுல கொட்டிக் கோலால ஒதச்சிப் பெரட்டுவோம். சுத்திச் சுத்தி வந்து பெரட்டறமா, அதான் ரவுண்டா இருக்குது."

"உன் கை?"

"ஒடைக்கிறதுதான். சாம்பலும் தேங்காயெண்ணயும் பூசிக்கினுதான் ஒடைப்போம். அப்பவும் படும். பட்டா தேய்க்கக்கூடாது. தேங்காயெண்ண மட்டும் வெச்சிட்டு சும்மா இருக்கணும்."

"உங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. இளநீ வெக்கிறவரு எங்க மாமாதான். அல்லாரும் வாயத் தொறக்கல. தோப்புக்காரரு காதுல வுழுந்தா எங்கம்மாவுக்குத் தோப்பும் போயிரும், குடிசையும் போயிரும். அது அவரு நெலம்."

பிறகு சத்தியம் செய் என்றாள். வலது கையை நீட்டினாள். கறுத்த உள்ளங்கை, கட்டைவிரல் அடியில் புதுத்தோல் ரோஜா நிறமாக. நான் என் கையை அதற்குமேல் கொண்டுபோனேன். ஒரு விரல்கடை இடைவெளி விட்டு நிறுத்தினேன். "சத்தியம்" என்றேன். அவள் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை. இதைச் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்வதுபோல் இருக்கும், ஆனாலும் உண்மை. துரை கப்பலேறும் நாள் குறித்தாகிவிட்டது. அப்பா அவரிடம் அந்தப் பாட்டிலையும் பதினாறு பக்கக் கட்டுரையையும் கொடுத்தனுப்பப் போகிறார். பாரிஸில் பெரிய விஞ்ஞானிகள் பாட்டிலைத் திறப்பார்கள். திறந்து, இது முந்திரி எண்ணெய் என்று சிரிப்பார்கள். பத்திரிகையில் போடுவார்கள். அதே வழவழப்பான தாளில். அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதைப் புரட்டுவார். இந்தக் காட்சி எனக்குக் கணக்குப் பாடத்தில் வந்தது, ஜெபத்தில் வந்தது. அப்பாவைக் காப்பாற்ற வேண்டியது பெண்ணின் கடமை என்று நினைத்தேன். கடமை என்று நினைத்தால் எனக்கு எப்போதுமே புத்தி கொஞ்சம் பிசகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் புது விரிப்பு, கண்ணாடிக் கிண்ணங்கள். தோப்புக்காரரும் வந்திருந்தார், பட்டுக்கரை வேட்டியும் விரல்களில் மோதிரமுமாக. தட்டு நிறைய முந்திரிப்பருப்பு கொண்டுவந்திருந்தார். வெள்ளையாக, உடையாத முழுப்பருப்பு. மேசையில் ஒரு பக்கம் பாட்டில், ஒரு பக்கம் பருப்பு.

அப்பா பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்தார். நான் எழுந்துவிட்டேன்.

"அப்பா, அது தட்டு இல்லப்பா. இதுதான்." பருப்பைக் காட்டினேன். "முந்திரி சுட்ட எண்ண. அதான் உங்க கை வெந்தது."

துரைக்குத் தமிழ் தெரியாது. குழந்தை என்ன சொல்கிறாள் என்று சிரித்தபடி கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல் பிரெஞ்சில், தங்கள் கப்பல் பத்திரமாகப் போய்ச்சேர வேண்டிக்கொள்வதாகச் சொல்கிறாள் என்றார். துரை என் தலையைத் தடவிக்கொடுத்தார். பாட்டில் கைமாறியது.

"உள்ள போ" என்றார் அப்பா என்னிடம். மெதுவாகத்தான் சொன்னார்.

உள்ளே போகும் வழியில் தோப்புக்காரர் என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினார். அவர் சிரிக்கவில்லை. அதட்டவும் இல்லை. அந்தக் கூடத்தில் நான் சொன்னதைக் காதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

"இங்க வாம்மா. நல்ல புத்தியுள்ள பொண்ணு. யாரு சொன்னாங்க உனக்கு?"

சொன்னேன். அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். பானை, ஓடை, புதைத்துவைத்தது, மாமா, எல்லாம். ஒரு கேள்விக்கும் தெரியாது என்று சொல்லவில்லை. அவர் ஒரு பிடி பருப்பு அள்ளி என் கையில் கொடுத்தார். அதைச் சமையலறையில் நின்றுகொண்டு தின்றேன். ருசியாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

திங்கள், செவ்வாய் அவள் வரவில்லை. புதன்கிழமை காலையில் அவள் அம்மாவோடு வந்தாள், மடத்திலிருந்த தகரப்பெட்டியை எடுத்துப்போக. அவள் அம்மா உள்ளே வரவில்லை. வாசல் கேட்டருகே தலையில் முக்காட்டோடு குந்தியிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தோப்புக்காரருடைய ஆட்கள் விடியற்காலையில் வந்து குடிசையின் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டதாகப் பால்காரர் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார். களவு என்று மட்டும்தான் சொன்னார்களாம். எங்கே சுட்டாள், எந்த வட்டம் என்று ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. கொட்டகைகள் நாலிலிருந்து ஏழாகியிருந்தன. தட்டு அவருக்கும் வேண்டியிருந்தது.

நம் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு, மறந்திருக்கமாட்டீர்கள். யாராவது பள்ளியைவிட்டுப் போனால் வகுப்பில் ஒவ்வொருவராகக் கைகொடுத்து "ஓ ருவார்" சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம், பிரெஞ்சு மரியாதை. சுங்க அதிகாரி மகள் போனபோது நாம் கைகொடுத்து அழுதோம். மசேர் அவளிடம், "போய் எல்லாருக்கும் சொல்லிட்டு வா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

அவள் முதல் பெஞ்சிலிருந்து தொடங்கினாள். கையை நீட்டினாள். "ஓ ருவார்." முதல் பெஞ்சுக்காரி தன் கைக்குட்டையைத் தேடினாள். அடுத்தவள் குனிந்து பேனாவுக்கு மை தொட்டாள். யாரோ சிரித்தார்கள். அவள் யாரையும் விடவில்லை. ஒவ்வொரு பெஞ்சிலும் நின்று, கையை நீட்டி, ஐந்து எண்ணும் நேரம் காத்திருந்து, அடுத்தவளுக்குப் போனாள். முப்பத்தோரு பேர். மசேர் கரும்பலகையைத் துடைத்தார். துடைத்த பலகையையே மறுபடி துடைத்தார்.

கடைசியில் என்னிடம் வந்தாள். என்னைக் காட்டிக்கொடுத்தாயா என்று கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை. கையை நீட்டினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கை அழுக்காகிவிடும் என்றல்ல, அதற்குள் எனக்கு அந்தக் கறுப்பு என்ன என்று தெரியும், தொட்டால் ஒன்றும் ஆகாது என்றும் தெரியும். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் தொடவில்லை. நான் நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தொடவில்லை.

"ஓ ருவார்" என்றாள். எனக்கு மட்டும் ஐந்துக்குமேலும் காத்திருந்தாள்.

ஐப்பசியில் கொடி இறங்கியது, வேறு கொடி ஏறியது, நமக்கு மிட்டாய் கொடுத்தார்கள். துரை கப்பலேறினார். அப்பா கடிதத்துக்குக் காத்திருந்தார். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எழுந்து சட்டை போட்டுக்கொள்வார். வாசலில் வெறும் பனியனோடு பாரிஸ் கடிதத்தை வாங்கக்கூடாதாம். ஐந்து வருடம் சட்டை போட்டுக்கொண்டார். பிறகு காலமானார். என்னிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. என்னை நம்பவில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

நான் பிள்ளையாண்டிருந்தபோது அம்மா வந்திருந்தாள். மசக்கைக்கு வறுத்த முந்திரி வேண்டும்போல் இருக்கிறது என்றேன். அம்மா சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"உங்கப்பாகிட்ட கேட்டிருக்கணும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டுலயே பொறந்து வளந்தவரு. பத்து வயசுவரைக்கும் கொட்ட ஒடைச்சி அவரு கையெல்லாம் புண்ணாம். அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுன்னு எனக்குச் சத்தியம்."

அப்படியானால் கொப்புளம் வந்த அன்று காலையிலேயே அவருக்குத் தெரியும். வாசனையிலேயே தெரிந்திருக்கும். நான் காப்பாற்றப் போன மனிதருக்கு என் உதவி தேவைப்படவே இல்லை. அந்த ஒரு பெண்பிள்ளையின் கூரையை நான் பிரித்துப்போட்டது ஒன்றுமில்லாததற்கு.

இனிப் போன வாரம் நடந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். மாமியார் மேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். குழந்தை பிறந்தால் கொண்டுவந்து உள்ளங்காலில் அந்த மேட்டுக் கறுப்பு வைக்கிறேன் என்று. எனக்கு அவர் சொன்ன இடம் எது என்று பஸ்ஸைவிட்டு இறங்கும்வரை உறைக்கவில்லை. ஊர்ப்பெயர்ப் பலகையே தட்டு மேடு என்றிருந்தது.

வழியெல்லாம் பூக்கடை. வட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரச் சுவர். நடுவில் சூலம், எலுமிச்சம்பழம், தொட்டில் கட்டிய வேப்பங்கன்று. தரை மட்டும் அதே கறுப்பு, அதே பளபளப்பு, நேற்றுச் சுட்டதுபோல. எட்டு வருட மழையில் அது எப்படிக் கரையாமல் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கமறல் வாசனை பஸ் நிற்கும் இடத்திலேயே வந்துவிட்டது.

"இங்கதான் ஆகாசத்துலேர்ந்து எறங்கனா அம்மன்" என்றார் மாமியார். "ஒரு பொம்பள வூடு வாசல் இல்லாம இங்க வந்து படுத்துக் கெடந்தா. அவமேல வந்து பேசனா. தோப்புக்காரனே வந்து கால்ல வுழுந்தான். அவ செத்துட்டா. இப்ப அவ பொண்ணு."

அவள் சூலத்தருகே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம். பள்ளிக்கூடக் கோயிலில் காலைப் பூசைக்கு முக்காடு போட்டுக்கொண்டு நம்மோடு முட்டிபோட்டவள்தான். கை மணிக்கட்டுவரை கறுப்பு. பெண்கள் குனிந்து அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளுக்கு முன்னால் இரண்டு கொட்டாங்கச்சி. ஒன்றில் விளக்குக்கரி குழைத்த மை. மற்றதிலிருந்துதான் வாசனை வந்தது.

"தாயீ, நம்ம மருமவ. படிச்சவ" என்றார் மாமியார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை, திருப்ப நேரமில்லை.

"படிச்சவளா. எந்தப் பள்ளிக்கூடம்?"

மாமியார் பள்ளியின் பெயரைப் பெருமையாகச் சொன்னார்.

"நல்ல பள்ளிக்கூடம்" என்றாள் அவள். "அங்கல்லாம் கையி குடுத்துட்டுத்தான் போவாங்களாமே."

"அப்பிடியாம்மா?" என்று மாமியார் என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

"புள்ளயக் குடு. உள்ளங்கால்ல வெக்கணும்."

அவளுடைய விரல் இரண்டு கொட்டாங்கச்சிக்கும் நடுவில் நின்றது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பின்னால் முப்பது நாற்பது பெண்கள், இடுப்பில் குழந்தையோடு. அது அம்மன் இல்லை, முந்திரி எண்ணெய், என் குழந்தையைத் தொடாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாராவது நம்புவார்கள். நம்பினால் அவளுக்கு இந்த இடமும் போய்விடும். சொல்லாவிட்டால் என் குழந்தையின் கால். அதற்கு உள்ளங்கால் இன்னும் தரையையே தொட்டதில்லை. எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாயாவது யோசிப்பாளா? நான் யோசித்தேன். இதை எழுதும்போதும் அதற்காக என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

"குடும்மா, ஆத்தா கேக்குறாங்க இல்ல" என்றார் மாமியார்.

கொடுத்தேன். பாதியில் என் கை நின்றுவிட்டது. அவள் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஐந்து விரலும் அழுந்தப் பிடித்தாள். பிடி ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

"ஆட்டாத. பயமா கீதா?"

"இல்லை."

இடது கை விரலால் குழந்தையின் காலில் ஒரு பொட்டு வைத்தாள். எதிலிருந்து தொட்டாள் என்று நான் பார்க்கவில்லை. என் கண் என் மணிக்கட்டில் இருந்தது. அவள் விடவில்லை. ஐந்து எண்ணும் நேரம் இருக்கும், அதற்குமேலும் இருக்கும். பிறகு விட்டாள். அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில் குழந்தையின் காலை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மாமியார் பிரசாதத்தைத் துடைக்காதே என்று கையைத் தட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து காலை மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை மை உதிர்ந்து போயிற்று. அடியில் உள்ளங்கால் பிறந்த அன்று இருந்ததுபோல் இருந்தது. விளக்குக்கரி. அவள் குழந்தையை ஒன்றும் செய்யவில்லை.

என் மணிக்கட்டில்தான் எரிச்சல். மேலே வரிசையாக நான்கு, அடியில் கட்டைவிரல் ஒன்று, ஐந்து விரலும் அச்சாகக் கொப்புளித்துவிட்டன. மாமியார் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மனே கையைப் பிடித்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார். என் கையைப் பார்க்க வெட்டாளன்குளத்துப் பக்கத்திலிருந்துகூட வருகிறார்கள்.

தேங்காயெண்ணெய் வைத்தால் ஆறும், தேய்க்கக்கூடாது. எனக்குத் தெரியும், யார் சொன்னது என்றும் தெரியும். வைக்க முடியவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாலும் மாமியார் பிடித்து முன்னால் இழுத்துக் காட்டுகிறார். வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, கொப்புளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். சிலர் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள்.

"எரியுதாம்மா?" என்று கேட்கிறார்கள்.

இல்லை என்கிறேன்.